மஞ்சளும் ஊதா முட்டைக்கோஸும் போதும்: வீட்டில் அமிலம், காரம் சோதிப்பது எப்படி?

முதலில் பீட்ரூட்டைக் காய்கறிக் கூடையிலேயே விட்டுவிடுங்கள். இயற்கை நிறங்காட்டி, அதாவது அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பொருள், என்று பேச்செடுத்தாலே நிறையப் பேர் அதைத்தான் நறுக்க ஆரம்பிக்கிறார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பீட்ரூட்டின் நிறம் பீட்டாலெயின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அமிலம், காரத்தை அளக்கும் எண் பிஎச்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பிஎச் 3-லிருந்து 7 வரை பீட்ரூட்டின் நிறம் அசைந்தே கொடுக்காது. எலுமிச்சைச் சாறு ஊற்றினாலும் சிவப்பு, வெறும் தண்ணீர் ஊற்றினாலும் சிவப்பு. சலவை சோடாவைவிட வலுவான காரம் பட்டால்தான் மஞ்சளுக்குப் போகும். நாம் சோதிக்கப்போகும் பொருள்களில் பாதிக்கு மேல் அது வாய் திறக்காத இடத்தில்தான் இருக்கின்றன.

நமக்கு வேண்டியது ஆந்தோசயனின் என்ற இன்னொரு குடும்பம். ஊதா முட்டைக்கோஸ், சங்குப்பூ, செம்பருத்தி, கறுப்புத் திராட்சைத் தோல், நாவல்பழம் எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். இயற்கையில் ஒரு விசித்திரம்: பீட்டாலெயின் இருக்கும் செடியில் ஆந்தோசயனின் இருக்காது. அதனால் காகிதப்பூ, டிராகன் பழம், சிவப்புத் தண்டுக்கீரை மூன்றையும் பீட்ரூட்டோடு சேர்த்தே ஒதுக்கிவிடலாம். கேரட், தக்காளியும் வேண்டாம், அவற்றின் நிறம் வேறொரு வகை. அமிலம், காரம் எதற்கும் மாறாது. கையில் கிடைத்த ஒரு பூ உதவுமா என்று தெரியவில்லை என்றால், இதழை வெள்ளைத் தட்டில் நசுக்கி ஒரு பக்கம் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு, மறுபக்கம் சமையல் சோடா கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு நிறமானால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த பூவுக்குப் போங்கள்.

பள்ளி ஆய்வகத்தில் வேதியியல் சொல்லித்தந்தபோதும் சரி, இப்போது பேரப்பிள்ளைகளோடு சமையல் மேடையில் உட்காரும்போதும் சரி, நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றைத்தான். ஒரு நிறத்தைத் தனியாகப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இன்னது என்று நமக்கு முன்பே தெரிந்த ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும், அதோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும். இதை விட்டுவிட்டால் மீதி எல்லாம் வெறும் வண்ண விளையாட்டு.

மஞ்சள் தாள்

நிறங்காட்டிகளில் மஞ்சள்தான் எனக்குப் பிடித்தது. அதற்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும், அதைச் சுத்தமாகச் செய்யும். மஞ்சளில் உள்ள குர்குமின் பிஎச் 7.4 வரை மஞ்சளாகவே இருக்கும். 8.6-ஐத் தாண்டினால் செங்கல் சிவப்பு. இடையில் ஆரஞ்சு மாதிரி ஒரு தயக்கம். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டதும் சிவந்து, அலசியதும் திரும்ப மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான்.

குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால் காயத்தைத் துடைக்கும் ஸ்பிரிட் 50 மி.லி. எடுத்து, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டு, மூடிக் குலுக்கி வையுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. அரை மணி நேரத்தில் தூள் அடியில் தங்கும். மேலே தெளிந்த மஞ்சள் திரவத்தை மட்டும் ஒரு தட்டில் ஊற்றி, வடிதாளை நனைத்து நிழலில் காயவிடுங்கள். காபி வடிக்கும் தாள் கிடைத்தால் போதும். வெயிலில் காயப்போட்டால் குர்குமின் வெளுத்துவிடும். ஸ்பிரிட் இல்லையா? மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசிக் காயவைத்தாலும் ஓடும். திட்டுத்திட்டாக இருக்கும், அவ்வளவுதான்.

தாளின் தரம் பற்றி ஒரு வார்த்தை. அச்சுக்குப் பயன்படும் வெள்ளைத் தாள்கள் பலவற்றில் வெண்மைக்காகக் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்திருப்பார்கள். அது லேசான காரம். அந்தத் தாளில் முட்டைக்கோஸ் சாற்றைத் தோய்த்தால் எதையும் சோதிப்பதற்கு முன்பே நீலம் தட்டும், அமிலம் விட்டாலும் தாளே அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். வடிதாளில் இந்தத் தொல்லை இல்லை.

மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு. காரம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். வினிகரும் தண்ணீரும் அதற்கு ஒன்றுதான், இரண்டிலும் மஞ்சளாகவே கிடக்கும். இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. பாதித் தாள்களைச் சலவை சோடா கரைசலில் ஒருமுறை முக்கியெடுத்து, சிவந்தபின் காயவையுங்கள். இப்போது உங்களிடம் சிவப்பு மஞ்சள்தாள் இருக்கிறது. அமிலச் சொட்டு பட்ட இடம் பளிச்சென்று மஞ்சளாகும், தண்ணீர் பட்ட இடம் அப்படி ஆகாது.

போரிக் அமிலம் மட்டும் மஞ்சளை ஏமாற்றும். பெயரிலேயே அமிலம் இருந்தும், வினிகர் மாதிரி அமிலங்கள் போல நடந்துகொள்ளாது. போரிக் அமிலக் கரைசலோடு இன்னொரு அமிலமும் சேர்த்து மஞ்சள் தாளில் விட்டுக் காயவைத்தால் சிவந்த பழுப்பு நிறம் வரும். காரத்தால் வந்த சிவப்பு என்றால் எலுமிச்சைச் சாறு பட்டதும் மறைய வேண்டும், இது மறையாது. காரம் பட்டால் கறுத்துப் பச்சையோ நீலமோ ஆகும். குர்குமினும் போரிக் அமிலத்தில் உள்ள போரான் என்ற தனிமமும் சேர்ந்து புதிதாக ஒரு பொருள் உண்டாவதுதான் காரணம். போரான் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே வேதியியலாளர்கள் மஞ்சள் தாளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

முட்டைக்கோஸ் சாறு

மஞ்சள் ஆமா, இல்லை என்று பதில் சொல்லும். முட்டைக்கோஸ் எவ்வளவு வலு என்று சொல்லும். ஒரே சாறு வலுவான அமிலத்தில் சிவப்பு, வலுக் குறைந்த அமிலத்தில் ரோஸ், நடுநிலைக்குக் கொஞ்சம் முன்னால் கத்தரிப்பூ நிறம், 8 பக்கம் நீலம், 10 பக்கம் நீலப்பச்சை, 12-ஐத் தொட்டால் பச்சை கலந்த மஞ்சள் என்று படிப்படியாக மாறும். சாயத்தின் மூலக்கூறு ஹைட்ரஜன் அயனியை, அதாவது அமிலம் தண்ணீரில் விடும் மின்னேற்றத் துகளை, வாங்குவதும் விடுவதுமாக வடிவம் மாறுகிறது. ஒவ்வொரு வடிவமும் ஒளியை ஒவ்வொரு விதமாக உறிஞ்சுகிறது. மற்றப் பூக்களைவிட முட்டைக்கோஸில் இந்த நிறங்கள் தெளிவாக வருவதற்கு, அதன் சாய மூலக்கூறுகளில் கூடுதலாகத் தொங்கும் அமிலத் துண்டுகள் அவற்றை நிலையாக வைத்திருப்பது ஒரு காரணம்.

செய்முறை எளிது. கால்வாசி முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, அது மூழ்கும் அளவு வெந்நீர் ஊற்றி 15 நிமிடம் மூடி வையுங்கள், அப்புறம் வடிகட்டுங்கள். அடுப்பில் வைத்து நெடுநேரம் கொதிக்கவிட வேண்டாம். நிறம் மங்கும், வாடையும் தாங்காது. பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ இருக்கட்டும். அலுமினியமும் இரும்பும் கூடாது. அந்த உலோக அயனிகள் ஆந்தோசயனினோடு சேர்ந்து நிறத்தை நீலப் பக்கம் இழுத்துவிடும். ஹைட்ரேஞ்சியா பூ இதற்குப் பேர்போனது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறுவதால் அங்கே நீலமாகப் பூக்கும், கார மண்ணில் ரோஸாகப் பூக்கும். நாம் பார்க்கப்போகும் சோதனைக்கு நேர் தலைகீழ்!

தண்ணீரையும் கவனியுங்கள். கடினநீரில் பைகார்பனேட் என்ற லேசான காரம் இருக்கும், அதில் செய்த சாறு ஆரம்பத்திலேயே நீலமாக வரும். பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர் கிடைத்தால் நல்லது, சாறு ஊதாவாக இருக்கும். கிடைக்காவிட்டால் குழாய்த் தண்ணீரே போதும். ஆனால் எல்லாச் சோதனைக்கும் அதே தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பதற்கு முன்: ஒப்பீட்டு வரிசை

வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, அதன் மேல் நிறமில்லாத சின்னக் கண்ணாடி டம்ளர்கள் ஐந்தை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு, இரண்டு மேசைக்கரண்டி போதும், முட்டைக்கோஸ் சாறு. முதல் டம்ளரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அதன் பிஎச் 2-க்குச் சற்று மேலே. இரண்டாவதில் தயிரின் மேல் தெளிந்து நிற்கும் நீர், சுமார் 4.5. மூன்றாவதில் வெறும் தண்ணீர். நான்காவதில் சமையல் சோடா கரைசல், 8.3. ஐந்தாவதில் சலவை சோடா கரைசல், 11 பக்கம். கரைசல் என்றால் அரை டம்ளர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டித் தூள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி. முதல் டம்ளரில் முக்கியெடுத்த கரண்டியை ஐந்தாவதில் விட்டால் ஒப்பீடு அங்கேயே போச்சு.

இந்த ஐந்தும்தான் உங்கள் அளவுகோல். தெரியாத பொருளை ஆறாவது டம்ளரில் சேர்த்துவிட்டு, இந்த வரிசையில் எந்த இரண்டுக்கு நடுவில் அது உட்காருகிறது என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே நீலமும் பச்சையும் பிரித்துச் சொல்ல முடியாது. புத்தகத்திலோ திரையிலோ அச்சான வண்ணப் பட்டையோடு ஒப்பிடுவதை நான் விரும்புவதில்லை. அந்தச் சாறு வேறு, உங்கள் சாறு வேறு.

எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிஎச் அளவுகோலை 1909-ல் உருவாக்கியவர் சோரன்சன். கோபன்ஹேகனில் மது தயாரிக்கும் கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அதில் ஒரு படி என்பது பத்து மடங்கு. பிஎச் 3-ல் இருப்பதில் 4-ல் இருப்பதைவிடப் பத்து மடங்கு ஹைட்ரஜன் அயனி இருக்கிறது. ஆகவே வரிசையில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம்.

டம்ளர் நிறையச் சாறு வீணாகிறதே என்று நினைத்தால் சொட்டுக் கணக்கில் செய்யலாம். ராபர்ட் பாயில் 1664-ல் வெளியான தன் நிறங்கள் பற்றிய நூலில் அப்படித்தான் சொல்கிறார். வயலட் பூவின் பாகை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, அதன் மேல் வினிகரோ வேறு அமிலமோ இரண்டு மூன்று சொட்டு விட்டால் சிவப்பு, காரம் விட்டால் பச்சை. ஒரே சாயத்தை வைத்து இரு பக்கமும் பிரிக்கலாம் என்று முறையாக எழுதிவைத்தவர் அவர். தாளுக்குப் பதில் வெள்ளைப் பீங்கான் தட்டு இன்னும் வசதி, கழுவித் துடைத்தால் அடுத்த சோதனைக்குத் தயார்.

எதைச் சோதிக்கலாம், என்ன தெரியும்

வினிகர், எலுமிச்சை, புளி, குளிர்பானம், வைட்டமின் சி மாத்திரை எல்லாம் எதிர்பார்த்தபடி சிவப்பு, ரோஸ் பக்கம் போகும். அதில் வியப்பில்லை. குளிர்பானம் நிறமில்லாததாக இருக்கட்டும். சர்க்கரையும் உப்பும் எதையும் மாற்றாது. எண்ணெயைச் சோதிக்க முடியாது, அது சாற்றோடு கலக்கவே கலக்காது.

சோப்புக் கட்டியை நனைத்து மஞ்சள் தாளில் தேய்த்தால் உடனே சிவக்கும். ஷாம்பூ பெரும்பாலும் சிவக்காது, பாத்திரம் கழுவும் திரவங்களில் பலவும் நடுநிலையை ஒட்டியே இருக்கும். நுரை வந்தால் காரம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அதை உடைக்க இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் போதும்.

எனக்குச் சலிக்காத சோதனை சமையல் சோடாவைச் சுடுவது. உலர்ந்த இரும்பு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவைப் போட்டு மிதமான தீயில் கிளறுங்கள். தூள் கொதிக்கிற தண்ணீர் போலக் குமுறும். நீராவியும் கார்பன் டை ஆக்ஸைடும் வெளியேறுவதால் வரும் குமுறல் அது. குமுறல் அடங்கிய பின்னும் சில நிமிடம் கிளறி ஆறவிடுங்கள். இப்போது வாணலியில் இருப்பது சலவை சோடா. முழுமையாக மாறியிருந்தால் 100 கிராம் சமையல் சோடா 63 கிராமாகக் குறைந்திருக்கும், சமையலறைத் தராசிலேயே பார்க்கலாம். சுடாததை ஒரு டம்ளரிலும் சுட்டதை ஒரு டம்ளரிலும் கரைத்து முட்டைக்கோஸ் சாறு விடுங்கள். ஒன்று நீலம், மற்றது பச்சை. மஞ்சள் தாளிலும் வித்தியாசம் தெரியும்: சுடாதது ஆரஞ்சோடு தயங்கும், சுட்டது நேராகச் சிவப்புக்குப் போகும். பார்வைக்கு ஒரே வெள்ளைத்தூள். சுட்டதைச் சமையலுக்கு எடுத்துவிடாமல் உடனே பெயர் எழுதி வையுங்கள், ஈரக் கையால் அள்ள வேண்டாம்.

இன்னொன்று, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் பால் மாதிரியான அமில முறிவு மருந்து. அதிலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருப்பதாக வாங்குங்கள், சிட்டையில் போட்டிருக்கும். இரண்டு தேக்கரண்டி மருந்தை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி முட்டைக்கோஸ் சாறு விட்டால் நீலப்பச்சை. அதில் ஒரு தேக்கரண்டி வினிகர் ஊற்றிக் கலக்குங்கள். சட்டென்று ரோஸ் ஆகும், ஆனால் அப்படியே நிற்காது. கலக்கிக்கொண்டே இருந்தால் ரோஸ் ஊதாவாகி, ஊதா நீலமாகி, திரும்பப் பழைய இடத்துக்கே வந்து சேரும். மறுபடி வினிகர் விட்டால் மறுபடி ரோஸ், மறுபடி திரும்பும். மருந்தில் உள்ள காரம் தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும். கரைந்த பங்கை வினிகர் முடித்ததும் மிதக்கும் தூள் மெதுவாகக் கரைந்து ஈடு கட்டுகிறது. தூள் முழுவதும் தீர்ந்த பிறகுதான் ரோஸ் நிலைக்கும். வயிற்றுக்குள்ளும் அமிலம் வர வர இப்படித்தான் கரைந்து வேலை செய்கிறது. பிள்ளைகள் கலக்கியை என்னிடம் திருப்பித் தரவே மாட்டார்கள்.

முட்டை வெள்ளைக்கருவையும் பாருங்கள். உணவுப் பொருள்களில் காரமாக இருப்பது அரிது, இது அந்த அரிய வகை. இட்ட புதிதில் பிஎச் 7.6 அளவில் இருக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியே கார்பன் டை ஆக்ஸைடு வெளியேற வெளியேற 9-ஐத் தாண்டும். புது முட்டையும் நாள்பட்ட முட்டையும் கிடைத்தால் இரண்டின் வெள்ளைக்கருவையும் தனித்தனியாகச் சாற்றோடு கலந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாலில் நிறம் மங்கலாகத் தெரியும், ஆனாலும் செய்யலாம். வெதுவெதுப்பான பாலில் கொஞ்சம் சாறும் ஒரு கரண்டித் தயிரும் கலந்து மூடி வையுங்கள். மணி ஏற ஏற, பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்க உண்டாக்க, நீலம் கலந்த ஊதாவிலிருந்து ரோஸ் பக்கம் சாயும். தயிர் உறையும் நேரத்தை நிறத்திலேயே படிக்கலாம்.

குழாய்த் தண்ணீர், மழைநீர், வடிநீர் இவற்றைச் சோதிக்க எல்லோருக்கும் ஆசை வரும். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். முட்டைக்கோஸ் சாறே லேசான அமிலம்தான். வடிநீரில் அதை எதிர்த்து நிற்க எதுவும் கரைந்திருக்காது. அதனால் நீங்கள் பார்ப்பது தண்ணீரின் நிறத்தை அல்ல, சாற்றின் சொந்த நிறத்தை. சுத்தமான மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடால் 5.6 அளவுக்கு அமிலமாக இருக்கும், ஆனால் இந்தச் சாறு அதைக் காட்டிக்கொடுக்காது. கடினநீர் நீலம் காட்டினால் நம்பலாம், அதில் எதிர்க்கும் பொருள் போதுமான அளவு இருக்கிறது.

சுண்ணாம்புத் தெளிநீரில் சாறு பச்சையாகி, வைத்திருக்க வைத்திருக்க மஞ்சளாகும். அப்படி மஞ்சளான பிறகு அமிலம் ஊற்றினால் பழைய சிவப்பு முழுதாகத் திரும்பாது. அவ்வளவு வலுவான காரத்தில் சாயமே சிதைகிறது. வலுவான காரங்களின் நிறத்தை ஊற்றிய ஒரு நிமிடத்துக்குள் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

எதைத் தொடக் கூடாது

துணி வெளுக்கும் ப்ளீச்சில் சாறு விட்டால் ஒரு கணம் பச்சை தெரியும், அப்புறம் எல்லா நிறமும் போய்விடும். அது காரம்தான், ஆனால் சாயத்தையே எரித்துவிடுகிறது. நிறம் காணாமல் போவதற்கும் நிறம் மாறுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த பெரியவர்கள் மட்டும் ஒரு சொட்டில் பார்க்கலாம், அதுவும் தனித் தட்டில். ப்ளீச்சோடு வினிகரோ கழிப்பறை அமிலமோ கலந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா கலந்தால் குளோரமின். இரண்டும் நச்சு. சோதித்து முடித்த டம்ளர்களை எல்லாம் ஒரே வாளியில் கவிழ்க்கும் பழக்கத்தால் இது தெரியாமலே நடக்கலாம் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் தனியாக, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கழிப்பறை அமிலம், அடைப்பு நீக்கும் கார உருண்டை, பேட்டரி அமிலம் மூன்றும் பிள்ளைகள் இருக்கும் மேசைக்கு வரவே வேண்டாம். அவை என்னவென்று போத்தலிலேயே எழுதியிருக்கிறது, சோதித்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தெளிநீரை மட்டும் கையாளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சுவைத்துப் பார்ப்பது எதிலும் கிடையாது, சாப்பிடும் பொருளாக இருந்தாலும்.

பூக்கள், வெங்காயம்

முட்டைக்கோஸ் கிடைக்காதவர்களுக்குச் செம்பருத்தி நல்ல மாற்று. ஐந்தாறு சிவப்பு இதழ்களை வெந்நீரில் ஊறவைத்தால் அமிலத்தில் அடர்ந்த ரோஸ், காரத்தில் பச்சை. சங்குப்பூ அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும், ஆனால் ஏறக்குறைய பிஎச் 4-லிருந்து 8 வரை நீலமாகவே உட்கார்ந்திருக்கும். எலுமிச்சை பட்டால் ஊதா, சலவை சோடா பட்டால் பச்சை. நடுவில் உள்ள நுணுக்கம் வேண்டாம், காட்சி வேண்டும் என்றால் சங்குப்பூ. கட்டந்தேநீரும் ஒரு நிறங்காட்டிதான். எலுமிச்சை பிழிந்ததும் வெளிறும், சோடா போட்டதும் கருக்கும்.

நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் வெங்காயம் இருக்கிறது. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, சுத்தமான துணித் துண்டுகளோடு ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வையுங்கள். துணியில் வாடை ஏறிவிடும். ஒரு துண்டில் வினிகர் சில சொட்டு, இன்னொன்றில் சலவை சோடா கரைசல் சில சொட்டு. இரண்டையும் தண்ணீரில் அலசி முகர்ந்தால் வினிகர் விட்டதில் வெங்காய வாடை இருக்கும், சோடா விட்டதில் போயிருக்கும். வகுப்பில் கண்ணைக் கட்டிக்கொண்டு எல்லோரையும் இதைச் செய்யச் சொல்வேன். ப்ளீச், அம்மோனியா மாதிரி மூக்கை எரிக்கும் எதையும் இந்த முறையில் சோதிக்கக் கூடாது.

எவ்வளவு அமிலம்?

நிறம் சொல்வது வலுவை. அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி, அதற்குச் சொட்டு எண்ண வேண்டும். 5 கிராம் சமையல் சோடாவை 250 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். ஒரு டம்ளரில் வினிகர் 10 சொட்டு, ஒரு கரண்டித் தண்ணீர், முட்டைக்கோஸ் சாறு சில சொட்டு. அதே சொட்டுக் குழாயை அலசிவிட்டு, சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஆட்டிக்கொண்டே வாருங்கள். குமிழி வரும், அது அடங்க நேரம் கொடுங்கள், கரைந்து நிற்கும் கார்பன் டை ஆக்ஸைடும் நிறத்தை ரோஸ் பக்கம் இழுக்கும். ரோஸ் மாறி ஊதா நிலைத்து நிற்கும் சொட்டு எத்தனையாவது? 5 சதவீத வினிகர் என்றால் கணக்குப்படி 35 சொட்டுப் பக்கம் வர வேண்டும். ரொம்பக் குறைவாக வந்தால் வினிகரில் தண்ணீர் அதிகம்.

இதையே எலுமிச்சைச் சாற்றில் செய்து பாருங்கள். ஒப்பீட்டு வரிசையில் வினிகரைவிடச் சிவந்து நிற்கும் எலுமிச்சை, சொட்டுக் கணக்கில் பெரிதாக முந்தாது. பழத்துக்குப் பழம் மாறும், சில பழம் வினிகரைவிடக் குறைவாகவே கேட்கும். மேல்வகுப்பில் தரம்பார்த்தல் என்று கண்ணாடிக் குழாய் வைத்துச் செய்வது இதைத்தான்.

எடுத்து வைப்பது

முட்டைக்கோஸ் சாறு வெளியில் ஒரு நாள், குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும். நாறத் தொடங்கினால் நிறத்தையும் நம்ப வேண்டாம். நான் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுவேன். வேண்டும்போது இரண்டு கட்டி, வேலை முடிந்தது. சாறு தோய்த்த வடிதாளை நிழலில் காயவைத்து, கத்தரித்து, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வைத்தால் இன்னும் நெடுநாள் வரும். காயவைக்கும் இடத்தில் வினிகர் போத்தலோ அம்மோனியா கலந்த துடைப்பு நீரோ திறந்து இருக்கக் கூடாது, ஆவியே தாளை மாற்றிவிடும். மஞ்சள் தாளுக்குப் பெரிய எதிரி வெளிச்சம்.

மேடையிலும் துணியிலும் பட்ட மஞ்சள் கறைக்கு அந்த எதிரியே உதவிக்கு வரும். சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்துவிடுங்கள்.